இரட்டை ஆயுள்

1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாவட்ட அமர்வு நீதிமன்றம் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. விராலிமலைப் பக்கம் பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்தியவர் அவர். 1980களில் இலங்கையிலிருந்து வந்தபோது ஆதரவற்ற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர். 1994 இறுதியில் ஆசிரமத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் வாய் திறந்தார்கள். பதின்மூன்று பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமையும், ஆசிரமத்தில் இருந்த ஓர் இளைஞரின் கொலையும் நிரூபணமாயின. ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவின் மரபணு சாமியாருடையதோடு ஒத்துப்போனது என்று ஹைதராபாத் ஆய்வகம் சொன்னது. வன்கொடுமைக்கு ஓர் ஆயுள், கொலைக்கு ஓர் ஆயுள், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்க வேண்டும், தண்டனைக் குறைப்பு கூடாது, அறுபது லட்சம் ரூபாய்க்கும் மேல் அபராதம். இப்படித் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆர். பானுமதி. அப்போது அவருக்கு வயது 42.

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஆலங்குடி. அந்த வாரம் டீக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் இதே பேச்சு. சாமியார் மேல் இவ்வளவு பழி தேவையா என்று ஆண்கள் முனகினார்கள். எங்கள் வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த அப்பத்தா மட்டும் வேறு கேள்வி கேட்டார்: “அதென்னத்தா ரெண்டு ஆயுசு? ஒருத்தனுக்கு ஒரு உசுருதானே இருக்கு? அது போன பொறவு ரெண்டாவத யாரு அனுபவிக்கிறது?” பத்திரிகை படித்த யாருக்கும் தோன்றாத இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட்டோம். சட்டம் இதே கேள்விக்கு வந்துசேர 19 ஆண்டுகள் ஆயின.

அதற்கு முன் அந்த நீதிபதி வந்த பாதையைப் பார்க்க வேண்டும். ஊத்தங்கரைக்காரர். 1981இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்து திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் வழக்காடியவர். 1988இல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வானார். கோவை மாவட்டத்தில் சின்னாம்பதி என்ற பழங்குடி ஊரில் அதிரடிப்படை செய்த அத்துமீறல்களை விசாரித்த ஆணையமும் அவரே. 2003இல் சென்னை உயர் நீதிமன்றம், 2013இல் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஆறாவது பெண். கீழமை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து அந்த இடம் வரை வந்த பெண்களில் அவருக்கு முன் பாத்திமா பீவி ஒருவர்தான். கேரளத்தில் 1958இல் முன்சீப்பாகத் தொடங்கிய பாத்திமா பீவி 1989இல் தில்லி போய்ச் சேர 31 ஆண்டுகள் பிடித்தன.

உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பாலோர் அங்கேயே வழக்காடிய மூத்த வழக்கறிஞர்களிலிருந்து தேர்வு செய்யப்படுகிறார்கள். யாரைத் தெரியும், யாரிடம் ஜூனியராக இருந்தோம், மாலையில் எந்த அறையில் உட்கார்ந்து பேசினோம் என்பதெல்லாம் அங்கே எடை பெறுகின்றன. பெண்ணுக்கு அந்த அறையில் நாற்காலி கிடைப்பது அரிது. தேர்வெழுதிப் போகும் வழியில் விடைத்தாளுக்கு ஆண், பெண் தெரியாது. சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியது. பத்மினி ஜேசுதுரை அதன் முதல் பெண் நீதிபதியானது 1986இல்.

ஆனால் இந்தப் பாதையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மேல்முறையீடு, மேல் கோர்ட்டு, பதவி உயர்வு என்று எல்லாவற்றையும் ‘மேலே’ என்கிறோம். ஒரு பெண் கூண்டில் ஏறி, தனக்கு நேர்ந்ததை அந்நிய ஆண்கள் முன் சொல்லி, குறுக்கு விசாரணையில் அதையே பத்து விதமாகத் திரும்பச் சொல்வது கீழே, விசாரணை நீதிமன்றத்தில். சாட்சி எப்படி நின்றார், எங்கே குரல் உடைந்தது என்று குறித்துவைக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆவது பிரிவு சாட்சியம் பதிவுசெய்யும் நீதிபதிக்குத்தான் இடம் கொடுத்தது. மேலே போகப்போக அந்தப் பெண் ஒரு சாட்சி எண்ணாகிவிடுகிறாள். அவள் அழுத இடம் தட்டச்சில் ஒரு முற்றுப்புள்ளி. நீதிபதியின் உயர்வு என்பது அந்தப் பெண்ணிடமிருந்து விலகிப் போவதும்தான்.

பிரேமானந்தா வழக்கும் அதே பாதையில் போனது. 2002இல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது, ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கலாம் என்பது உட்பட. 2011 பிப்ரவரியில் கைதியாகவே அவர் இறந்தார். அப்பத்தா சொன்னதுபோல ஒரு உயிர். இரண்டாவது ஆயுள் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

2016 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஆயுள் தண்டனைகளை அடுத்தடுத்து அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும். மனிதருக்கு வாழ்நாள் ஒன்றுதான். எனவே அது முடிந்த பின் இன்னொன்று தொடங்க வழியில்லை. 2005 தீர்ப்பின் அந்தப் பகுதியையும் அமர்வு ரத்து செய்தது. தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் எழுதிய அந்தத் தீர்ப்பில் ஒப்பமிட்ட ஐவரில் ஒருவர் ஆர். பானுமதி.

தான் 1997இல் எழுதிய தண்டனையின் வடிவம் சட்டத்தில் நிற்காது என்று அவரே கையெழுத்திட்டிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம். ஏனென்றால், அந்த இரட்டை ஆயுளை நான் படித்த விதம் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் பெண்களுக்கு இழைத்த குற்றத்தின் தண்டனை கொலைத் தண்டனைக்குள் கரைந்துவிடும். இளைஞரின் கொலைதான் வழக்கு, பெண்களின் துயரம் அதன் பின்னிணைப்பு என்றாகிவிடும். பிரித்து எண்ணியதால்தான் அந்தப் பதின்மூன்று பேரும் கணக்கில் வந்தார்கள். எந்த நாதியும் இல்லாமல் கடல் கடந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த எண்ணிக்கையை மேலே போனபின் ஒரு பெண்ணே அழிக்கலாமா?

தீர்ப்பை முழுக்கப் படித்தால் இந்தக் கேள்விக்கு வேறு முகம் இருக்கிறது. ஆயுள் தண்டனைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைவதில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன என்கிறது அமர்வு. ஒன்றில் அரசு சலுகை காட்டினாலும் மற்றது அப்படியே நிற்கும். அதாவது கொலைக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் வன்கொடுமைக்கான ஆயுள் தானாகக் கழியாது. ‘பின்’ என்ற சொல் போய் ‘மேல்’ என்ற சொல் வந்திருக்கிறது. 1997இல் காக்க நினைத்தது இதுதான் என்றால், அது 2016இலும் காக்கப்பட்டிருக்கிறது, சட்டத்தின் தர்க்கம் உடையாமல்.

நம்முடைய ஆள் ஒருவர் மேலே போய்விட்டால் அவர் எப்போதும் நம் பக்கம் எழுத வேண்டும் என்று பெண்கள் இயக்கங்களில் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. ஆண் நீதிபதியிடம் அப்படிக் கேட்பதில்லை. அவருக்குச் சட்டத்தைச் சொல்ல உரிமை இருக்கிறது, பெண் நீதிபதிக்குக் கடன் மட்டும் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை நான் ஏற்கமாட்டேன். தன் பழைய தீர்ப்புக்குச் சாதகமாக ஒரு மாறுபட்ட கருத்து எழுதியிருந்தால் நாம் கைதட்டியிருப்போம். ஆனால் கீழே கூண்டில் நின்ற பெண்ணைக் கேட்டவர், மேலே உட்கார்ந்து, தன் வாக்கியத்தையும் பிறர் வாக்கியத்தைப் போலவே நிறுத்துப் பார்ப்பது அதைவிடக் கடினமான வேலை.

எல்லாவற்றிலும் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. நிர்பயா வழக்கில் 2017 மே மாதம் தனித் தீர்ப்பு எழுதி மரண தண்டனையை உறுதிசெய்தார். 2020 மார்ச் 20 அதிகாலை, தூக்குக்குச் சில மணி நேரம் முன் கூடிய அமர்வுக்கும் அவரே தலைமை. தூக்குக் கயிறு எந்தப் பெண்ணுக்கும் தெருவைப் பாதுகாப்பாக்கித் தந்ததில்லை என்பது என் எண்ணம். புதுக்கோட்டையில் ஒருவரைச் சிறையில் வைத்தே நியாயம் செய்ய முடிந்த நீதிபதி அங்கே ஏன் கயிற்றுக்குப் போனார் என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

2020 ஜூலையில் ஓய்வுபெற்றபோது பிரிவுபசார நிகழ்ச்சியில் தன் குடும்பக் கதையை அவர் சொன்னார். இரண்டு வயதில் பேருந்து விபத்தில் அப்பாவை இழந்தவர். அம்மா இழப்பீட்டுக்கு வழக்குப் போட்டார். தீர்ப்பும் சாதகமாக வந்தது. ஆனால் நடைமுறைச் சிக்கல்களால் பணம் கைக்கு வரவில்லை. தானும் விதவைத் தாயும் இரண்டு சகோதரிகளும் நீதிமன்றத் தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்றார்.

ஆலங்குடி நீதிமன்ற வாசலில் இன்றும் அந்த அம்மாவின் வயதில் பெண்கள் நிற்கிறார்கள். ஜீவனாம்சத்துக்கு உத்தரவு வாங்கியாகிவிட்டது, பணம் வரவில்லை. வடகாட்டிலிருந்தும் கீரமங்கலத்திலிருந்தும் பூப்பறிக்கும் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு, நிறைவேற்று மனுவின் அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வருகிறார்கள்.