சுத்தம் யார் பொருட்டு?

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் பெருவீதியில், பலாங்கொடையைக் கடந்து பெரகலையை நெருங்குமுன் ஹல்துமுல்லை வருகிறது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். வீதியை ஒட்டிக் கடைகள். நெடுந்தூரப் பேருந்துப் பயணிகளும், சம்பள நாளில் சுற்றுத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் தொழிலாளரும் இத்தகைய கடைகளில்தான் தேநீர் அருந்துகின்றனர். ரொட்டியும் வடையும் உண்கின்றனர். இக்கடைகளின் சமையற்கட்டுக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரத்தை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பெற்றிருக்கிறார். அவர் நீரைப் பார்க்கிறார். கழிவு வாய்க்காலைப் பார்க்கிறார். பலகாரப் பெட்டிக்குள் ஈ உண்டா என்று பார்க்கிறார். சமைப்பவரின் மருத்துவச் சான்றிதழைக் கேட்கிறார். குறை கண்டால் தவணை கொடுக்கிறார். திருந்தாவிடில் வழக்குத் தொடுக்கிறார்.

இது நியாயமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. பெரிய ஹோட்டல்காரன் தப்பிக்கொள்ள, ஏழைக் கடைக்காரனே அகப்படுகிறான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இரக்கம் இங்கே வழிதவறிப் போகிறது என்பதே நம் கருத்து. அக்கடையில் உண்பவர் யார்? கடைக்காரரினும் வறியவர். கொழுந்து பறிக்கும் ஒருத்திக்கு வயிற்றோட்டம் கண்டால், நோயோடு அன்றைய பேரும் போய்விடுகிறது. கடைக்காரருக்கு நாம் காட்டும் தாராளத்துக்கு விலை கொடுப்பது அவளுடைய குடல். ஆகவே பரிசோதகர் கண்டிப்பாகவே இருக்கட்டும். குழாய் நீர் வராத இடத்தில் குழாய் எங்கே என்று கேட்பாரானால், அக்கேள்வியைக் கடைக்காரரோடு நிறுத்தாமல் பிரதேச சபையிடமும் கேட்கட்டும்.

கண்டிப்பு நல்லதென்று ஒப்புக்கொண்ட பின்னர்தான் மெய்யான வினா எழுகிறது. அக்கண்டிப்பு எந்த வாசல்வரை செல்கிறது?

கடைவீதியை விட்டு மேலே ஏறுவோம். அக்கடையில் கொதிக்கும் தேயிலையும் உணவுப் பண்டமே. அதைச் செய்யும் தொழிற்சாலையும் உணவு செய்யும் இடமே. ஏற்றுமதிச் சந்தையை நாடும் தொழிற்சாலைகள் பல, ஐ.எஸ்.ஓ. 22000 என்னும் உலகத் தரச் சான்றிதழைப் பெற்றிருக்கின்றன. உள்ளே செல்பவர் தலைமுடியை மூட வேண்டும். கைகளைக் கழுவ வேண்டும். தூளில் ஓர் இரும்புத் துணுக்கும் தங்கலாகாதென்று காந்தம் வைக்கின்றனர். இவை யாவும் வேண்டியவையே.

அத்தொழிற்சாலைக்குக் கொழுந்து அனுப்பும் மலையில் நிலை என்ன? பெரட்டு முடிந்து மலையேறிய பெண், கட்டிவந்த ரொட்டியையும் சம்பலையும் தேயிலைச் செடிகளுக்கிடையே அமர்ந்து உண்கிறாள். எத்தனையோ மலைகளில் கை கழுவ அருகில் நீரில்லை, ஒதுங்க மறைவிடமில்லை. கொழுந்துச் சாறு படிந்து கறுத்த விரல்களாலேயே ரொட்டியைப் பிட்கிறாள். மருந்து தெளித்த மலையாயின் அதன் எச்சமும் அவ்விரல்களில் இருக்கக்கூடும். தேயிலையில் எஞ்சும் மருந்துக்கு ஐரோப்பாவும் ஜப்பானும் கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. அந்த அளவையில் அவள் விரல் சேராது.

இவ்வேறுபாடு எவருடைய கொடுமனத்தாலும் விளைந்ததன்று, கணக்கால் விளைந்தது. கொழுந்து வாட்டப்பட்டு, அரைபட்டு, நொதித்து, ஏறத்தாழ நூறு பாகை வெப்பக்காற்றில் உலர்கிறது. பின்னர் கொதிநீரிலும் இடப்படுகிறது. பறித்தவள் கையிலிருந்த கிருமி இலண்டன் மாநகரத்துக் கோப்பைவரை உயிரோடு செல்வதரிது. ஆதலால் அவள் கை கழுவாமை அருந்துபவருக்கு ஆபத்தன்று. ஆபத்து அவளுக்கும், மாலையில் அவள் சோறூட்டும் குழந்தைக்குமே. அவள் மலையில் உண்ணும் ரொட்டியோ விற்பனைப் பண்டமன்று. கடை ரொட்டியைத் தேடிவரும் பரிசோதகர் அந்த ரொட்டியைத் தேடி வருவதில்லை.

தூய்மை சரக்கின் தகுதியா, மனிதரின் உரிமையா? உணவுச் சட்டங்களின் பிறப்பிலேயே இவ்வினா இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்கிளேர் சிக்காகோ இறைச்சிக்கூடத் தொழிலாளரின் துயரத்தை நாவலாக்கினார். 1906 இல் அது நூலாக வந்தது. வாசகர் கலங்கினர், ஆனால் தம் தட்டில் விழும் இறைச்சியை எண்ணியே பெரிதும் கலங்கினர். அவ்வாண்டே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறிற்று. வெட்டுபவனின் கூலியைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை.

நம் நாட்டிலும் பார்த்தோம். 2017 டிசம்பரில், ரஷ்யா சென்ற இலங்கைத் தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு ஒன்று காணப்பட்டது. ரஷ்யா இறக்குமதியை இடைநிறுத்தியது. கொழும்பு கலங்கிற்று, தூதுக்குழு மாஸ்கோவுக்கு விரைந்தது, சில வாரங்களுள் தடை நீங்கிற்று. நம் அரசு எவ்வளவு விரைந்து இயங்க வல்லது என்பதை ஒரு வண்டு காட்டிவிட்டது.

மலையில் நீரும் மலகூடமும் வேண்டும் என்பதோ புதிதாகக் கண்டறிந்த செய்தியன்று. 1916 இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கினர். மருந்து கொடுத்தனர், புழு வெளியேறிற்று. மலகூடங்கள் போதாமையால் அதே மண்ணிலிருந்து அதே பாதங்களின் வழியே மீண்டும் ஏறிற்று. பின்னர் துரைமார் போயினர். 1972, 1975 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. கைமாறிய ஒவ்வொரு முறையும் இயந்திரங்களை எண்ணியவர்கள் மலையிலிருந்த குழாய்களை எண்ணினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சில தோட்டங்களில் இப்போது மலையில் கொட்டகையும் நீரும் அமைந்திருக்கின்றன. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற வெளிநாட்டுச் சான்றிதழ்கள் அவற்றை நிபந்தனையாக்கியதற்கு இதில் பங்குண்டு. நல்லதே. எனினும் இந்நாட்டுப் பிரசை ஒருத்தி கை கழுவும் நீருக்கு அயல்நாட்டு வாடிக்கையாளரின் மனச்சாட்சியை எதிர்பார்த்து நிற்பதைப் பெருமையென்று கொள்ள நம்மால் இயலவில்லை.

பரிசோதகர் கடையில் கேட்கும் அதே வினாக்கள் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கேட்கப்பட வேண்டும்: நீர் எங்கே? மலகூடம் எங்கே? அது தொழில் திணைக்களத்தின் வேலை, சுகாதாரத் திணைக்களத்தின் வேலையன்று என்று விடை வரலாம். எந்தத் திணைக்களமாயினும் ஆகுக. ஹல்துமுல்லைக் கடைக்காரருக்குக் கொடுக்கும் அதே தவணையைத் தோட்டக் கம்பெனிக்கும் கொடுக்கட்டும். தவணை கடந்தால், கடைக்காரர் போய் நிற்கும் அதே நீதவான் மன்றம் இருக்கிறது.