பசுமையைச் செய்த கை

கடலோரத்தில் வியர்த்துக் கொட்டும் இலங்கைத் தீவில், ஆறாயிரம் அடிக்கு மேலே ஏறிவிட்டால் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டியிருக்கிறது. நுவரெலியாவுக்குச் செல்லும் எல்லோரையும் போல நானும் அங்கே பேச்சற்று நின்றேன். கிரகரி ஏரியின்மேல் மூடுபனி. ஆங்கிலேயர் காலத்துச் செங்கல் தபால் நிலையம். சுற்றிலும் பச்சைப் பட்டை விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகள். "இயற்கை அன்னைக்கு இந்த ஊர்மேல்தான் எவ்வளவு பிரியம்!" என்றார் உடன் வந்த நண்பர்.

அந்தப் பசுமை இயற்கை அன்னை தந்ததுதானா?

தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். கவாத்துச் செய்து, நாள் தவறாமல் முறைவைத்துக் கொழுந்து பறித்து, இடுப்பளவிலேயே நிறுத்தி வைத்திருப்பதால்தான் குன்று முழுவதும் சீவிவிட்டாற்போல் தெரிகிறது. முன்பு அங்கே காடு இருந்தது. பிறகு காப்பி வந்தது. 1869-க்குப் பின் இலைநோய் காப்பியைத் தின்று தீர்க்க, தேயிலை வந்தது. காட்டை அழித்ததும், தேயிலையை நட்டதும், இன்றளவும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதும் பெரும்பாலும் தமிழ்க் கைகளே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிலேயே உறவினரைப் பறிகொடுத்து, கங்காணியிடம் பட்ட கடனோடு மலையேறியவர்களின் சந்ததி அது.

அப்படியானால் அந்த அழகை ரசிப்பது பாவமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாம் போகாமல் இருந்துவிட்டால் லயத்துக் கூரை ஒழுகாமல் நின்றுவிடப் போவதில்லை. குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான். திரும்பிப் போக டிக்கெட் வைத்திருப்பவருக்கு அது இன்பம். விடியலில் நனைந்த செடிகளுக்கிடையே நிற்க வேண்டியவளுக்கு அது பிழைப்பு. ரசிப்பதில் குற்றம் இல்லை. நன்றியை விலாசம் மாற்றி அனுப்புகிறோமே, அதுதான் குற்றம்.

ரசிகனின் சிறு பிழை என்று இதைத் தள்ளிவிடலாமா? 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் செய்ததும் இதே பிழைதான். மலை எங்களுடையது என்றது. மலையை ஆக்கியவர்களில் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். பாத்திர பண்டங்களைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த கணக்கு அது! நாடற்றவர்களாக எஞ்சி நின்றவர்களுக்கு 2003-ல்தான் சட்டம் வழிசெய்தது.

கண் காணாததை மனம் மதிப்பதில்லை. மனம் மதிக்காததைச் சட்டமும் மதிப்பதில்லை. ஆகவே, சரியாகப் பார்ப்பதும் ஓர் அறம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயில் தூணைக் கண்டால், "எந்தச் சிற்பியின் கையோ!" என்று வியக்கிறோம். அந்த வியப்பு தேயிலைச் சரிவுக்கும் உரியதுதானே?