நட்ட பிறகு

மரம் நடும் நாளில் பாட்டு தானாகவே வந்துவிடுகிறது. மேளம், கூட்டம், குழிக்குள் இறங்கும் கன்று, குழந்தைகளின் ஆரவாரம். அடுத்த கோடையில் குடத்தோடு வந்து நிற்கப்போவது யார்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் மனம் உத்தராகண்டின் கர்வால் மலைகளுக்குப் போய்விடுகிறது.

*

1973 ஏப்ரல், அலக்நந்தா பள்ளத்தாக்கில் மண்டல் என்ற ஊர். ஊர்க்காரர்கள் ஏர் செய்யச் சில மரங்கள் கேட்டபோது வனத்துறை கொடுக்கவில்லை; அதே காட்டை விளையாட்டுப் பொருள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஒதுக்கியது. வெட்ட ஆட்கள் வந்தபோது டோல், தமா என்ற மேளங்கள் முழங்க ஊர் திரண்டது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மரங்களைக் காக்கும் சிப்கோ இயக்கம் அங்கே தொடங்கியது.

அதன் தலைவர்கள் சண்டி பிரசாத் பட், சுந்தர்லால் பகுகுணா பெயர்கள் நமக்குத் தெரியும். கன்ஷ்யாம் ராத்தூரி ‘சைலானி’ என்ற பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஊர் ஊராக நடந்து பாடிய கவிஞர். கூட்டத்தில் கேட்ட பேச்சு கூட்டத்தோடு கலைந்துவிடும். பாட்டைப் புல்லறுக்கும்போது முணுமுணுக்கலாம், விறகுச் சுமையோடு இறங்கும்போதும் முணுமுணுக்கலாம். இயக்கம் பள்ளத்தாக்கு தாண்டிப் போனதில் அவருடைய பங்கைத் தலைவர்களின் பங்குக்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

*

ரேணி என்ற இன்னோர் ஊர், 1974 மார்ச் 26. நஷ்டஈடு வாங்க ஆண்கள் சமோலிக்குப் போயிருந்தார்கள். வெட்டுகிறவர்கள் வருவதை ஒரு சிறுமி பார்த்து ஓடிவந்து சொன்னாள். அந்த ஊரின் கௌரா தேவியும் அவரோடு 27 பெண்களும் காட்டுக்குள் போய் வழிமறித்தார்கள். இந்தக் காடு எங்கள் பிறந்த வீடு என்பதுதான் அவர்களுடைய வாதம். புகுந்த வீட்டு வேலைக்கு நடுவே மூச்சுவிட ஓர் இடம், பேச ஒரு தோழி, அடுப்புக்கு விறகு எல்லாம் அங்கேதான் இருந்தன.

2021 பிப்ரவரி 7 அன்று அதே ரேணிக்கு மேலே மலையில் பாறையும் பனியும் சரிந்து ரிஷிகங்காவில் வெள்ளம் பாய்ந்தது. நீர்மின் நிலையம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். காட்டைக் காத்த ஊருக்கு இப்படி. ஊர் சேர்ந்து காடு வளர்க்கலாம். மேலே மலையையும் ஆற்றையும் என்ன செய்வதென்று அந்த ஊரிடம் யாரும் கேட்பதில்லை. மரம் நடுதலைப் புகழும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

*

வெட்டுவதைத் தடுத்ததோடு சிப்கோ இயக்கத்தார் நின்றுவிடவில்லை என்பது எனக்கு முக்கியம். சண்டி பிரசாத் பட்டின் தஷோலி அமைப்பு முகாம்கள் நடத்தியது. ஊர்க்காரர்களும் மாணவர்களும் சேர்ந்து மொட்டைச் சரிவுகளில் கன்று நட்டார்கள். மாடு புகாமல் கல்சுவர் எழுப்பினார்கள். காவல் பல ஊர்களில் மகளிர் மங்கள தளங்கள் என்ற ஊர்ப் பெண்கள் குழுக்களின் கைக்கு வந்தது.

எந்த மரம் என்ற கேள்வியும் கூடவே வந்தது. பைன் பிசினும் பலகையும் தரும், காசாகும். பாஞ்ச் என்கிற ஓக் மாட்டுக்குத் தழை தரும், அதன் அடியில் ஈரம் தங்கும். 1980இல் டுங்ரி பைந்தோலி என்ற ஊரில் ஓக் காட்டை உருளைக்கிழங்குப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டுச் சாலையும் பள்ளியும் வாங்கலாம் என்று ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் மறுத்தார்கள். தழைக்கும் தண்ணீருக்கும் நடக்கும் கால்கள் அவர்களுடையவை. ஊர் ஒன்றுகூடியது என்று எழுதும்போது இந்தப் பிளவை மறைத்துவிடக் கூடாது.

*

1995இல் குவால்தாமில் உயிரியல் ஆசிரியர் கல்யாண் சிங் ராவத் தொடங்கிய ‘மைத்தி’ வழக்கத்தை எத்தனை முறை நினைத்தாலும் அலுப்பதில்லை. கல்யாணத்தன்று மணமக்கள் ஒரு கன்று நடுகிறார்கள். பெண் கிளம்பிவிடுகிறாள். ஊர்த் தோழிகளிடம் மாப்பிள்ளை ஒரு தொகை கொடுக்கிறார். அது மரங்களைப் பேணும் பொது நிதியில் சேர்கிறது. அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது பெண்ணின் அம்மா.

நடுவதற்கென்று தனியாக விழா எடுக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே பாட்டு இருக்கிறது, அழுகை இருக்கிறது, உறவு கூடியிருக்கிறது. கன்று அதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. ஊற்றும் கை யாருடையது என்பதும் அன்றே முடிவாகிவிடுகிறது. நம் ஊர்களில் வனமகோற்சவம் என்று நட்டு, படமெடுத்து, மறுவருஷம் அதே குழியில் மீண்டும் நடுகிறோமே, அங்கே இல்லாதது இந்தக் கைதான்.

*

மண்டலில் முழங்கிய டோலைப் பற்றி இன்னும் ஒன்று. கர்வாலில் அதை வாசிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமையைச் சுமந்த தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள். கல்யாணம், திருவிழா, தெய்வம் இறங்குவது எதுவும் அவர்கள் இல்லாமல் நடக்காது. பந்தியில் மட்டும் இடம் வேறு. பறையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் அடித்த மேளத்துக்கு ஊர் கூடியது. அந்த ஊருக்குள் அவர்களும் இருந்தார்களா? இனி எங்காவது மேளத்தோடு மரம் நடக் கூப்பிட்டால், அடிக்கிறவர் கையிலும் ஒரு கன்று கொடுக்கிறார்களா என்று முதலில் பார்ப்பேன். வளர்ந்த பிறகு தழையிலும் விறகிலும் அவர் வீட்டுக்குப் பங்கு உண்டா என்று கேட்பேன்.