பெயர் சொல்வதும் சாட்சியமே

தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லுவது பொய்யாகுமா? அல்லது வெறும் பிழையாகுமா? இக்கேள்வியை அண்மையில் நம் முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சிறு வண்ணத்துப்பூச்சி.

அபிராமபுரத்தில் நாம் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் கறிவேப்பிலை மரம் ஒன்று உண்டு. மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், கரிய இறகும், பின்னிறகில் வெண்திட்டும் செம்புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி அதில் வந்தமர்ந்தது. நம் பேரன் கைப்பேசியில் அதைப் படமெடுத்து, “நன்னா, இதன் பெயர் என்ன?” என்றான். “ரோஜா அழகி” என்றோம், சற்றும் தயங்காமல். அவன் தேதியும் இடமும் குறித்துத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டான்.

அன்றிரவு படத்தை மீண்டும் நோக்கியபோது நெஞ்சில் ஐயம் எழுந்தது. ரோஜா அழகியின் உடல் சிவந்திருக்கும். படத்திலிருந்ததன் உடலோ கறுப்பு. அது கறிவேப்பிலை அழகி எனும் வேறோர் இனத்தின் பெண். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று அதன் நஞ்சைத் தன்னுள் ஏற்றிக்கொள்கிறது. ஆதலால் பறவைகள் அவ்வினத்தை விலக்குகின்றன. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு சாரார் அந்த இறகின் கோலத்தைப் பூண்டு உயிர் தப்புகின்றன. ஆண்களுக்கு அவ்வேடம் இல்லை. ஆணைப் போலவே தோன்றும் பெண்களும் உண்டு. இறகைக் கண்டு ஏமாறும் பறவையைப் போல நாமும் ஏமாந்தோம்.

பேரறிஞர்களும் இங்கே இடறியிருக்கிறார்கள். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758-இல் இந்த ஓரினத்தையே இரண்டாகக் கருதி இரு பெயர்கள் இட்டார். இப்பெண்களின் பல்வேறு கோலங்களை 1865-இல் ஆங்கிலேய அறிஞர் வாலஸ் விளக்கியுரைத்தார். எனவே ஏமாந்தது குற்றமன்று. ஏமாந்ததை அறிந்த பின் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம், நம் உள்ளம் தயங்கியது. நம்மிடம் ஓதக் கற்கும் சிறுவன் இந்த ஒரு சொல்லில் நம்மை ஐயுற்றால், மற்றச் சொற்களையும் ஐயுறானா? ‘ஒரு பூச்சியின் பெயர்தானே, போகட்டும்’ என்று நஃப்ஸு சமாதானம் கூறியது.

ஆனால் பெயர் சொல்வது ஒரு சாட்சியம். எந்த உயிர் எங்கே, எந்தப் பருவத்தில் வாழ்கிறது என்பதை இத்தகைய படங்களைக் கொண்டே இன்று பலர் கணிக்கின்றனர். தவறான பெயர், இல்லாத உயிரை ஓரிடத்தில் இருப்பதாக ஆக்கிவிடும். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் தொடரற்ற செய்தி எப்படியோ, அப்படியே தேதியும் இடமும் அற்ற படம். அவையிரண்டும் இருந்தாலும், சொல்பவரின் நேர்மை இல்லையேல் பயனில்லை.

நம் முன்னோர் அறிவைத் தரம் பிரித்தனர்: யகீன் எனும் உறுதி, ளன் எனும் மிகுந்த எண்ணம், ஷக் எனும் ஐயம். பூச்சியைப் பார்ப்பவனுக்கும் இப்படிகள் பொருந்தும். வண்ணத்துப்பூச்சி என்பது உறுதி. இன்ன குடும்பம் என்பது எண்ணம். இன்ன இனம் என்பது ஐயம். எப்படியில் அறிவு நின்றதோ அப்படியிலேயே நாவும் நிற்க வேண்டும். பல சிற்றீக்களையும் அந்துப்பூச்சிகளையும் நுண்ணோக்கியால் உடலுறுப்பை ஆராய்ந்தாலன்றி இனம் பிரிக்கவே இயலாது. அங்கே எத்துணைத் தெளிவான படமும் ஊமைதான். மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தொலைதூரத்திலிருந்து வந்தவர் அடுக்கிய வினாக்களில் பலவற்றுக்குத் தமக்குத் தெரியாதென்றே விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. அதனால் அவர்தம் கண்ணியம் குறையவில்லை.

மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் பேரனை அழைத்து, “நன்னா தவறாகச் சொல்லிவிட்டேன், வாப்பா” என்று கூறி, கறுத்த உடலைப் படத்தில் காட்டினோம். அவன் பழைய பெயரை அழித்துவிடாமல் கோடிட்டு, அருகே புதிய பெயரை எழுதினான். பின்னர் வேறொரு படத்தை நீட்டி, “இது உறுதியா, எண்ணமா, நன்னா?” என்று கேட்டான். அது ஏதோ ஒரு சிறு வண்டு. “தெரியாது” என்றோம். அச்சொல்லைச் சொல்ல இம்முறை நமக்கு நாணமேற்படவில்லை.