பெயரில்லாத முகம்

இலண்டன் மாநகரின் ஏல நிறுவனங்கள் இந்திய அரசவை ஓவியங்களை விற்பனைக்கு வைக்கும்போது, ஒவ்வொன்றைப் பற்றியும் விரிவான குறிப்பு அச்சிடுவது வழக்கம். எந்த அரசவையைச் சார்ந்தது, ஏறத்தாழ எந்த ஆண்டில் வரையப்பட்டது, நீள அகலம் என்ன, இதுவரை யார் யார் கையில் இருந்தது, என்ன விலை எதிர்பார்க்கப்படுகிறது என்பனவெல்லாம் அதில் இருக்கும். பெண்ணின் உருவமாயின், தலைப்பு பெரும்பாலும் ‘ஒரு சீமாட்டி’ என்பதோடு நின்றுவிடும். உடைமையாளர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. உருவத்துக்கு உரியவளின் பெயர் மட்டும் இல்லை.

இதைக் கண்டு நம் மனம் நோவது இயல்பே. ஒரு பெண்ணின் முகம் சுத்தியல் ஓசைக்கு விலைபோகிறது. அவள் யாரென்று கேட்பாரில்லை. ஆயினும் சற்றுப் பொறுத்து எண்ணிப் பார்ப்போம்.

அது அவளுடைய முகந்தானா? அரண்மனைகளின் அந்தப்புரப் பெண்டிரை ஓவியர் நேரில் கண்டு வரைவது அரிது. பழைய உருவொன்றின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி, அதே முகத்தை வேறு தாளுக்கு மாற்றும் வழக்கம் ஓவியக்கூடங்களில் இருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு அந்த முகம் குடும்பச் சொத்தாக வந்தது. ஆண்களின் நிலை வேறு. ஜகாங்கீர் காலத்து அவையினர் பலருடைய மூக்கின் வளைவும் முதுமைச் சுருக்கமும் உள்ளபடியே வரையப்பட்டு, பெயரும் எழுதப்பட்டுள்ளன. எனவே, பெண்ணின் பெயர் தொலைந்தது ஏல மண்டபத்தில் அன்று. பெரும்பாலும் வரைந்த நாளிலேயே.

அப்படியானால் ஒரு பெயரைத் தேடிச் சூட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நாம் தயங்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தில்லி ஓவியர்கள் தந்தத் துண்டுகளில் அழகிய பெண்முகங்களைத் தீட்டி, மும்தாஜ் என்றும் நூர்ஜகான் என்றும் சொல்லி ஐரோப்பியருக்கு விற்றனர். பெயர் அங்கே மரியாதையன்று, விலையேற்றும் வழி.

நல்லெண்ணத்தோடு சூட்டிய பெயரும் ஊறு செய்வதுண்டு. லூக்கா நற்செய்தியில், இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்குப் பெயரில்லை. 591-ஆம் ஆண்டு திருத்தந்தை பெரிய கிரகோரி தம் மறையுரையில் அவளையும் மகதலா மரியாவையும் ஒருவராக்கினார். பெயரற்றவளுக்குப் பெயர் கிடைத்தது. உயிர்த்த ஆண்டவரைக் கண்டு அறிவித்த மரியாவோ பல நூற்றாண்டுகள் ‘மனந்திரும்பிய பாவி’யாகவே மேற்றிசைத் திருச்சபையில் நினைக்கப்பட்டார். 1969-இல் வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோதுதான் அப்பிணைப்பு கைவிடப்பட்டது.

ஆகவே, அறியாத பெண்ணை ‘ஒரு பெண்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில் ஒரு நேர்மை உண்டு. ‘சீமாட்டி’ என்பதுகூடச் சற்று மிகையே. பணிப்பெண்ணாகவும் இருக்கலாம் அன்றோ?

இராசஸ்தானத்துக் கிஷன்கர் ஓவியத்தை நம்முள் பலர் கண்டிருப்போம்: நீண்டு வளைந்த விழி, கூர்த்த மூக்கு, கையில் தாமரை. 1750-ஐ ஒட்டி நிகால் சந்த் என்பவர் வரைந்ததாகக் கருதப்படுவது. உருவத்துக்கு உரியவராகச் சொல்லப்படுபவர் அரண்மனையில் பாடிய பணிப்பெண். மன்னர் சாவந்த் சிங்கின் அன்புக்குரியவர். அவருக்கு வழங்கும் ‘பனீ தனீ’ என்னும் பெயருக்கு ‘நன்கு ஒப்பனை செய்துகொண்டவள்’ என்று பொருள். அது பெற்றோர் இட்ட பெயராக இராது, பார்த்தவரின் பாராட்டு. 1973-இல் அவ்வுருவம் அஞ்சல் தலையாக வெளிவந்தபோது ‘இராதை’ ஆயிற்று. அவர் தாமே பாடல்களும் இயற்றியவர். அவற்றுக்கென அவர் கொண்ட பெயர் இரசிக் பிகாரி. அஞ்சல் தலையில் அப்பெயர் இல்லை.