வெட்டப்பட்ட கடைசி விநாடிகள்

ஒவ்வோர் ஆண்டும் விஸ்காம் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வீடியோவை இரண்டு முறை போட்டுக் காட்டுகிறேன். ஒரு தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் ஒரு குழந்தையை அள்ளிக்கொள்ள, வண்டி பறக்கிறது. மற்ற பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். சிசிடிவி பதிவு போலவே இருக்கும். வகுப்பில் யாராவது "ஐயோ" என்பார்கள்.

இரண்டாவது முறை முழுதாக ஓடவிடுவேன். போன பைக் திரும்பி வருகிறது. குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அட்டையைக் கேமராவுக்குக் காட்டுகிறார்கள்: கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிப்போக ஒரு நொடி போதும் என்று. காணாமற்போகும் பிள்ளைகளுக்காகப் பாகிஸ்தானில் இயங்கும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பின் விழிப்புணர்வுப் படம் அது. அந்தக் கடைசி விநாடிகளை யாரோ வெட்டினார்கள். மீதித் துண்டு 2018இல் பிள்ளை பிடிப்பவர்களின் வீடியோவாக இந்தியாவெங்கும் சுற்றியது.

அந்த ஆண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து காரில் கிளம்பிய ஒரு குடும்பம், போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வழி கேட்க நின்றது. 65 வயதுப் பெண்மணி அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று திரண்டவர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். குழந்தையைக் கண்டால் கையில் எதையாவது வைக்காமல் நகராத பாட்டிகளிடம் வளர்ந்தவள் நான். இந்த இடத்தைச் சொல்லும்போது என் குரல் இன்றும் நிலையாக இருப்பதில்லை.

எனக்கும் அப்போது அந்த எச்சரிக்கை வந்தது. அனுப்பியவர், என் மகனைத் தன் மடியில் போட்டு வளர்த்த பக்கத்து வீட்டு அக்கா. பொய்ச் செய்தியை விஷமிகளின் வேலை என்றே பாடங்கள் சொல்கின்றன. வெட்டிய கையில் விஷமம் இருந்திருக்கலாம். அக்காவின் கையில் இருந்தது பயமும் பிரியமும்தான். அவரிடம் போய் 'ஏமாறாதீர்கள்' என்று மட்டும் சொல்லும் பாடம் எனக்குப் போதவில்லை.

என் கையும் சுத்தமில்லை. 2021 மே மாதம், ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கும் என்று ஓர் எண் வந்தது. அழைத்துப் பார்க்காமல் இருந்த குரூப்புகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். "ராத்திரி பூரா அந்த நம்பருக்குப் போட்டேன் மேம். சுவிட்ச் ஆஃப்." அவன் அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த இரவை அவனிடமிருந்து பிடுங்கியது நான்தான். ஒரு தடவை டயல் செய்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

சரிபார்க்கும் வித்தையை ஒரு பீரியடில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க் குழுவினர் வரலாற்றாசிரியர்களையும் மாணவர்களையும் செய்தி சரிபார்ப்பவர்களையும் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். முதல் இரு சாராரில் பலர் ஓர் இணையப் பக்கத்தை மேலும் கீழும் படித்து, அதன் கம்பீரமான தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சட்டென்று வெளியேறி, இதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். இந்தப் பழக்கம் என் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வந்துவிடுகிறது. அதிலேயே நின்றுவிட்டவர்கள் "எல்லாமே பொய்தான் மேம்" என்று சொல்ல ஆரம்பிக்கும்போது எனக்குப் பயம் வருகிறது. எதையும் நம்பாதவன் எதையும் தேடிப் பார்க்க மாட்டான்.

2019 தேர்தல் சமயத்தில் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன், பீகாரில் வீடு வீடாக ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார். மொத்தத்தில் பெரிய பலன் தெரியவில்லை. பின்னர் அதே பீகாரில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வகுப்பு நடந்தபோது மாற்றம் தெரிந்தது. அது அவர்களின் பெற்றோர் வரை போனது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

ஏனென்றால் போன வருஷம் ஒரு மாணவி கேட்டாள்: "பொய்னு தெரிஞ்சிடுச்சு மேம். பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

தனியாக இருக்கையில் மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம் என்ற பழைய செய்தியை அவர் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார். அவளுக்கு ஃபீஸ் கட்டுவது அவர். தகப்பன் இல்லாத வீடு. அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னது தப்பு என்று எப்படி எழுதுவாள்? என் பாடத்திட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. வகுப்பு முழுக்க அதையே பேசினோம். மறுப்புச் செய்தியின் லிங்க்கைப் போட்டதற்கு "படிச்ச திமிரு" என்று சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை ஒருவன் சொன்னான். பேசாமல் மியூட்டில் போட்டுவிடுவதே மரியாதை என்றாள் இன்னொருத்தி. எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. நெஞ்சு வலிக்கிற நேரத்தில் அவர் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

குரூப்பில் எதுவும் எழுதாதே, நேரில் போ என்றேன். இதை உங்களுக்கு யார் அனுப்பினார்கள் என்று முதலில் கேள். அவருக்கும் யாரோ ஒருவர் அக்கறையோடுதான் அனுப்பியிருப்பார்.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்தவள், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றே சொன்னாள். அவருடைய சிநேகிதர் ஒருவர் அனுப்பியதாம். அவர் மாரடைப்பில்தான் போய்ச் சேர்ந்தாராம். பெரியப்பா வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு போனை அவளிடம் நீட்டி, "அந்த 108ஐ மேல வர்ற மாதிரி வச்சுக் குடும்மா" என்றாராம். குரூப்பில் அந்தச் செய்தியை அவர் இன்னும் அழிக்கவில்லை.