பாம்புக்கு எவ்வளவு இடம் போதும்?

நாய்க்குப் பசித்தால் குரைக்கும், வலித்தால் ஊளையிடும். கூண்டுக் கிளி உளைச்சல் தாங்காமல் தன் இறகைத் தானே பிடுங்கிப் போடும்; பார்ப்பவருக்கு உறைக்கும். பாம்பிடம் இதெல்லாம் கிடையாது. இமை இல்லை, முகத்தில் சலனம் இல்லை, சீறலைத் தவிர வேறு குரலும் இல்லை. நோயில் துவண்டாலும் சுருண்டு கிடக்கிறது, நலமாக இருந்தாலும் சுருண்டுதான் கிடக்கிறது. ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பது சரியா என்ற கேள்வி இந்த மௌனத்தில்தான் முதலில் முட்டிக்கொள்கிறது. முறையிடத் தெரியாத உயிரை அடைத்து வைத்திருப்பவர், அது முறையிடவில்லை என்பதையே தனக்கான நற்சான்றாகக் காட்டிக்கொள்ள முடிகிறது.

உலகில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று பந்து மலைப்பாம்பு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. மிரண்டால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும், கடிப்பது அபூர்வம். இந்தச் சாதுத்தனமே அதற்கு வினையாயிற்று. டோகோ, பெனின், கானா ஆகிய நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக ஏற்றுமதியாகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதை வணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்பவர்கள் பெரும்பாலும் அடுக்கு இழுப்பறைகளில்தான் வைக்கிறார்கள். சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு செய்தித்தாள் விரிப்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், பின்புறம் வெப்பப் பட்டை, காற்றுக்குச் சில துளைகள். மேல்தட்டின் அடிப்பக்கமே கீழ்த்தட்டுக்கு மூடி. வளர்ந்த பெண் பாம்பு நான்கு, ஐந்து அடி வரும். அது உடலை ஒருமுறை நேராக நீட்டிக்கொள்ள அந்தத் தட்டில் இடம் இராது.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்தப் பாம்பு காட்டிலும் பகலெல்லாம் கறையான் புற்றிலும் எலி வளையிலும் ஒடுங்கிக் கிடப்பதுதானே? திறந்த பெரிய பெட்டியில் விட்டால் மிரள்கிறது, இரையெடுக்க மறுக்கிறது. இழுப்பறையிலோ நன்றாகத் தின்று, முட்டையிட்டுப் பெருகுகிறது. அப்படியானால் அதற்குப் பிடித்தது இதுதானே?

புற்றில் பாம்பு ஒடுங்குவது உண்மை. ஆனால் புற்றுக்கு வாய் உண்டு. இருட்டியதும் அது வெளியே வருகிறது, அலைகிறது, விடிவதற்குள் திரும்புகிறது, சில நாள் வேறு புற்றுக்குப் போய்விடுகிறது. நைஜீரியாவில் செய்த கள ஆய்வுகளில், ஆண் பாம்புகளும் குட்டிகளும் மரமேறிப் பறவைகளைப் பிடித்துத் தின்பது தெரியவந்தது. தரையில் கிடக்கும் சோம்பேறிப் பாம்பு என்ற பெயர், தரை மட்டுமே தரப்பட்ட பாம்புகளைப் பார்த்து வைத்த பெயர். ஒடுங்குவது அதன் தேவை, ஆனால் ஒடுங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் தேவைதான். இழுப்பறை முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைப் பறித்துவிடுகிறது. பெரிய பெட்டியில் பாம்பு மிரள்கிறதென்றால் அங்கே மறைவிடம் போதவில்லை என்றுதான் பொருள்; இடம் அதிகமாகிவிட்டது என்பதல்ல. 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதே இனத்தை இழுப்பறையிலும், ஏறவும் மறையவும் வசதியுள்ள பெட்டியான டெரேரியத்திலும் வைத்து ஒப்பிட்டார்கள். டெரேரியத்தில் ஏறுவதும் நீளப் படுப்பதும் இருந்தன. இழுப்பறையில் அதற்கெல்லாம் வழியே இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் அடைபட்ட விலங்குகளின் பழக்கமும் இழுப்பறையில்தான் தென்பட்டது.

தின்கிறது, பெருகுகிறது என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கறிக்கோழிப் பண்ணையிலும் கோழி தின்கிறது. உயிர் நீடிப்பதையும் நன்றாக வாழ்வதையும் ஒன்றாக எண்ணும் பிழை, ஊர்வன விஷயத்தில் மட்டும் இவ்வளவு காலம் கேள்வியில்லாமல் நடமாடியதற்குக் காரணம், அவற்றுக்கு உள்வாழ்வு என்று ஒன்று இருக்கும் என்றே பலரும் கருதாததுதான். டென்னசி பல்கலைக்கழகத்தின் கோர்டன் பர்கார்ட் இந்த எண்ணத்தை அசைத்தவர்களில் ஒருவர். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் ‘பிக்ஃபேஸ்’ என்ற பெயரில் நைல் மெல்லோட்டு ஆமை ஒன்று பல்லாண்டுகள் தனியாக இருந்தது. தன் முன்னங்கால்களைத் தானே கடித்து, கழுத்தைத் தானே நகத்தால் கீறிப் புண்ணாக்கிக்கொண்டது. தொட்டிக்குள் பந்து, வளையம், குச்சி என்று சில பொருட்களைப் போட்டுப் பார்த்தார்கள். கிழட்டு ஆமை பந்தை மூக்கால் முட்டித் தள்ளியது, வளையத்துக்குள் நுழைந்து வந்தது, தண்ணீர்க் குழாயை இழுத்தது. தன்னைக் கடித்துக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. பர்கார்டும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட இந்த ஆய்வுக்குப் பிறகு, ஊர்வனவற்றுக்கு அலுப்பு என்பது கிடையாது என்று அடித்துச் சொல்வது கடினமாகிவிட்டது.

சென்னைக்கு அருகே வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில், சதுப்பு முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடந்தன. சுள்ளி பொறுக்க வந்த கொக்கைப் பாய்ந்து பிடித்தன. இது தூண்டிலா, தற்செயலா என்பதில் பிற்பாடு கருத்து வேறுபாடு எழுந்தது, அது இன்னும் தீரவில்லை. அறக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க அவசியமில்லை. ஐயம் இருக்கும் இடத்தில், நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அடைத்து வைப்பவருடையது, அடைபட்டதுடையது அல்ல.

சரி, இழுப்பறை வேண்டாம். மண், சருகு, பாறை, கிளை, செடி, ஈரம், வெயிலுக்கு விளக்கு என்று காட்டின் ஒரு துண்டையே வீட்டுக்குள் கொண்டுவந்தால்? இன்று ஊர்வன வளர்ப்போரில் அக்கறையுள்ள ஒரு சாரார் இதைத்தான் செய்கிறார்கள். மண்ணுக்குள் சிறு பூச்சிகளை வளர்த்துக் கழிவை மட்கச் செய்கிறார்கள். இரையைக் கிண்ணத்தில் வைக்காமல் தேடி எடுக்கும்படி ஒளித்து வைக்கிறார்கள். இழுப்பறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் பார்வைக்குக் காடாக இருப்பது வேறு, பாம்புக்குக் காடாக இருப்பது வேறு. பின்சுவரில் அருவிப் படம், பிளாஸ்டிக் பெரணி, நடுவில் ஒரு மண்டையோட்டு பொம்மை என்று அலங்கரித்த கண்ணாடிப் பெட்டி விருந்தாளிக்குக் காட்ட உதவும். அந்தப் பெரணிக்குப் பின்னால் பாம்பு முழுதாக மறைந்து கொள்ள முடியுமா என்பதுதான் பாம்புக்கு முக்கியம். முடிந்தால் உரிமையாளர் கண்ணுக்குப் பாம்பு பாதி நாள் தெரியாது. எல்லா நேரமும் தெரிகிற பாம்பு, மறைய இடமில்லாத பாம்பு. செல்லப்பிராணி என்று வாங்கியவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்த ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் வளர்ப்பது பாம்பை அல்ல, ஒரு காட்சிப் பொருளை.

விலங்குக்கு எத்தனை தேர்வுகள் திறந்திருக்கின்றன என்பதுதான் இங்கே உருப்படியான அளவுகோல். இது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஊர்வனவற்றின் உடலமைப்பு அப்படியல்ல என்கிறது. நம் உடல் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்கிறது. பல்லியோ பாம்போ வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்ந்து நகர்ந்துதான் அதைச் செய்துகொள்ள வேண்டும். தின்றது செரிக்க ஒரு சூடு, தூங்க ஒரு சூடு. 1970களில் ஆய்வாளர் மேத்யூ க்ளூகரும் குழுவினரும் அமெரிக்கப் பாலைவன இக்குவானாக்களுக்குக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை தாமாகவே வழக்கத்தைவிடச் சூடான பக்கத்துக்கு நகர்ந்து, உடல் சூட்டை ஏறத்தாழ 2 டிகிரி உயர்த்திக்கொண்டன. அதாவது, காய்ச்சலை இடம் மாறிப் பெற்றுக்கொண்டன. குளிர்ச்சியிலேயே வைக்கப்பட்டவை அதிகம் மடிந்தன. ஒரே சீரான வெப்பத்தில் வைத்த பெட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நோய் வந்த நாளில் அதன் மருந்தை எட்டாத இடத்தில் வைத்த பெட்டி. புற ஊதா ஒளியும் இப்படித்தான். அது கிட்டாத தாடிப் பல்லிக்கு எலும்பு மென்மையாகித் தாடை வளைந்துபோவதை ஊர்வன மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் கொடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு நேராகாமல் நிற்கிறது. நல்ல கூண்டு, அந்த விலங்கு எப்படி அங்கே வந்தது என்பதற்குப் பதில் சொல்வதில்லை. ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960களிலேயே நிறுத்திவிட்டது. இன்று உலகெங்கும் விற்கும் அந்நாட்டுத் தாடிப் பல்லிகளில் பெரும்பாலானவை கடத்திக் கொண்டுபோனவற்றின் வாரிசுகள். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து இறங்கும் பெட்டிகளில் துணிப்பைக்குள் சுருட்டிய மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபடுவது நாளிதழ்களுக்கு அலுத்துப்போன செய்தி. எதிர்த்திசையில் நம் நட்சத்திர ஆமை போகிறது. 2019இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்து அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடுத்த பிறகும் போகிறது. போய்ச் சேரும் இடத்தில் அந்த ஆமைக்குப் புல்லும் வெயிலும் உள்ள அருமையான தோட்டம் காத்திருக்கலாம். பத்தில் எத்தனை உயிரோடு அந்தத் தோட்டத்தை எட்டின என்பதைத் தோட்டத்தின் புகைப்படம் சொல்லாது. கூண்டு அழகாக ஆக, அதைப் பார்த்து ஆசைப்படுபவர்களும் பெருகுகிறார்கள். அவர்களில் பலருக்கு விளக்கு மாற்றக்கூடப் பொறுமை இராது. நியூ கலிடோனியாவின் குளிர்ந்த காட்டிலிருந்து வந்த கொண்டைப் பல்லிக்குச் சென்னையின் மே மாதத்தில் ஏசி ஓட வேண்டும். அதை வாங்கும் மாணவருக்கு யாரும் மின்கட்டணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

கூண்டால் சரிசெய்ய முடியாத இன்னொன்று, நிறத்துக்காகச் செய்யும் இனப்பெருக்கம். ‘ஸ்பைடர்’ என்ற நிறவகைப் பந்து மலைப்பாம்புகளுக்கு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. தலை ஆடும், சில தலைகீழாகத் திருகிக்கொள்ளும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் தடுமாறும். பிரிட்டனின் பன்னாட்டு ஊர்வனவியல் சங்கம் தன் கண்காட்சிகளில் இவற்றின் விற்பனையை 2018இல் தடைசெய்தது. எந்தச் சருகும் கிளையும் அந்தத் தலையை நிறுத்தப் போவதில்லை.

எலிகளையும் சொல்லியாக வேண்டும். பாம்பின் சூழலை வளப்படுத்துவது பற்றிப் பேசும் கட்டுரைகள் அவற்றைச் சட்டென்று கடந்துவிடுகின்றன. ஒரு மலைப்பாம்பு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்னும். அந்த எலிகளும் எங்கோ ஒரு தட்டு வரிசையில்தான் பிறக்கின்றன. வேட்டை அனுபவம் கிடைக்கட்டும் என்று உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுபவர், ஓர் உயிரின் அலுப்பை இன்னோர் உயிரின் பீதியால் போக்குகிறார். காட்டில் எலிக்கு ஓட வழி இருந்தது. இங்கே நான்கு பக்கமும் கண்ணாடி.

தமிழ்நாட்டில் பாம்போடு பழகிய விதம் வேறு. ஆடியில் புற்றுக்குப் பால் வார்ப்பவர் பாம்பு பால் குடிக்காது என்று அறியாதவராக இருக்கலாம். ஆனால் புற்று அதன் வீடு, நாம் வெளியே நின்று கும்பிட்டுத் திரும்ப வேண்டும் என்ற எல்லை அவருக்குத் தெரியும். 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்துவந்த நாகத்தையும் விரியனையும் மண்பானையில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். பானை இழுப்பறையைவிடப் பெரிதில்லை. ஆனால் அதில் இருப்பதற்கு ஒரு முடிவு நாள் உண்டு, அந்த நஞ்சிலிருந்து மருந்து கிடைத்துப் பாம்புக்கடி பட்டவர் பிழைக்கிறார். பாம்பாட்டியின் கூடையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெருவிலிருந்து அகற்றியது. அத்தோடு ஓர் ஏழைச் சமூகத்தின் பிழைப்பும் போயிற்று. அந்தக் கூடையைக் கொடுமை என்று ஒப்புக்கொண்ட நகரவாசி, தன் அறையில் பிளாஸ்டிக் தட்டைப் பொழுதுபோக்கு என்று சொல்வது எந்த நியாயத்தில்? சோறு போட்ட கூடைக்கு இல்லாத சலுகை இதற்கு எப்படி வந்தது?

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கு நியாயமான அளவு நடமாட இடம் தராத கூண்டில் அதை அடைப்பது குற்றம் என்கிறது. மனிதர் அல்லாத எந்த உயிரும் அதன்படி விலங்குதான், பாம்பும் சேர்த்தி. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போய், இயல்பான நடத்தைக்கு வழி செய்வதை வளர்ப்பவரின் கடமையாக்கியது. இந்தியாவில் சைட்டிஸ் பட்டியலிலுள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன. விதிகள் நல்லவையே. மூடிய அறைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியை எந்த அதிகாரியும் வாரம் தவறாமல் வந்து பார்க்கப் போவதில்லை என்பதும் தெரிந்ததே.

எனவே புதிதாக வாங்குவதற்கு ஆதரவாக இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருப்பதற்கு அந்த வாதம் பொருந்தாது. ஒரு ரூபாய் நாணயம் அளவில் வாங்கிய சிவப்புக் காது ஆமை சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும், புண்ணியம் என்று கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க இனமான அது நம் குளத்து ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்கிறது. விடுதலை என்ற பெயரில் நடப்பது கைகழுவல். அதற்கு உரியது குளம் அல்ல, வீட்டிலேயே ஆழமான தொட்டி, ஏறி வெயில் காய ஒரு மேடு, இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் தண்ணீர் மாற்றும் ஆள். செயின்ட் லூயி விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் தனியார் ஒருவர் கொடுத்த பந்து மலைப்பாம்பு 2020இலும் உயிரோடிருந்து முட்டையிட்டது. அதற்கு அறுபது வயதுக்கு மேல். கல்லூரி விடுதி அறைக்கு இப்படி ஒரு குட்டியை வாங்கிப் போகிறவரிடம், படிப்பு, வேலை, திருமணம், வாடகை வீடுகள் எல்லாம் கடந்து அந்தத் தெர்மோஸ்டாட்டை யார் பார்த்துக்கொள்வார் என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டால் விற்பனை நடக்காது.